என் ஓட்டு இருந்த வீடு

பெங்களூர் அடுகோடி வீட்டிலிருந்து கிளம்பிய அன்று இரண்டு சூட்கேஸ்களையும் ஒரு மிக்ஸியையும் எடுத்துக்கொண்டேன். மிக்ஸி என் சம்பளத்தில் வாங்கியது. மற்றதெல்லாம் அந்த வீட்டுக்கு உரியவை என்று விட்டுவிட்டேன். என் கணவர் சூட்கேஸ்களை ஆட்டோ வரைக்கும் தூக்கிவந்து வைத்தார்.

"பீன்யாதானே? ரிங் ரோட்ல போகச் சொல்லு. சிட்டிக்குள்ள போனா மாட்டிக்குவே," என்றார்.

எங்கள் பிரிவு அவ்வளவுதான்.

காரணம் என்ன என்று பலர் கேட்டிருக்கிறார்கள். குடி கிடையாது, அடி கிடையாது, இன்னொருத்தி கிடையாது. அவர் லேத் பட்டறை வைத்திருந்தார். பகலில் பட்டறை, மாலையில் கட்சி அலுவலகம், வீட்டுக்கு வந்தால் டி.வி. கல்யாணமான பதினான்கு வருடத்தில் அவர் என்னிடம் பேசுவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றே போனது. நான் பதிலை எதிர்பார்ப்பதை நிறுத்தியது அதற்குச் சில காலம் கழித்து. பிள்ளைகள் இல்லை. கோர்ட்டுக்கு அவரும் போகவில்லை, நானும் போகவில்லை.

பீன்யாவில் வால்வுகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், டெஸ்பாட்ச் பிரிவில் எனக்கு வேலை. அடுகோடியிலிருந்து போய்வந்த காலத்தில் பாதி நாள் பஸ்ஸிலும் மெட்ரோவிலும் கழிந்துவிடும். இப்போது நடந்தே போகலாம். மாடியில் ஓர் அறை, சமையலறை, வெளியே துணி உலர்த்த ஒரு கொடி. வீட்டுக்காரம்மா கீழே இருந்தார். கன்னடக்காரர். தமிழ் சீரியல்கள் பார்த்துப் பார்த்தே தமிழ் பேசக் கற்றவர். மாமியார் வசனமெல்லாம் அவருக்குச் சரளமாக வரும், காய்கறிப் பெயர்கள் வராது.

வீடு மாறினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும் என்பது மாறிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இன்சூரன்ஸ்காரர்கள் கடிதம் அனுப்பினார்கள், போன் கம்பெனி கூப்பிட்டது. ஓட்டுக்காக யாரும் கூப்பிடுவதில்லை. அதற்குப் பில்லும் வராது. நானும் மறந்திருந்தேன்.

சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்கள் இருந்தபோது, வாக்காளர் பட்டியலில் அவரவர் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லி தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினார்கள். மதியம் சாப்பிடும்போது என் வாக்காளர் அட்டையின் எண்ணைப் போனில் போட்டுப் பார்த்தேன். என் பெயர் கன்னடத்தில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. வயது சரி. கணவர் பெயர் என்ற இடத்தில் அவர் பெயர். வாக்குச்சாவடி, அந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பள்ளிக்கூடம்.

ஸ்டோர்ஸில் வேலை செய்யும் தோழி பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் அங்கயேவா இருக்கே?"

"பேர் மட்டும்தான்."

"எட்டாம் நம்பர் ஃபார்ம் போடு. வீடு மாறினா அதான். ஆறாம் நம்பர் புதுசா சேர்றவங்களுக்கு. அதைப் போட்டேன்னு வை, ரெண்டு எடத்துல பேர் வந்துரும், அது தப்பாயிடும்."

அவள் ஓசூரிலிருந்து இங்கே ஓட்டை மாற்றிக்கொண்டு வந்தவள். மாநிலம் விட்டு மாநிலம் மாற்றுவதற்கும் அதே எட்டாம் எண்தானாம். அதற்கு அவள் பட்ட பாட்டை அந்தச் சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் சொன்னாள். நான் பாதிதான் கேட்டேன். கணவர் பெயர் என்ற அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் என் தட்டு இல்லை, துணி இல்லை, ஆனால் அரசாங்கத்தைப் பொறுத்தவரை நான் இன்னும் அங்கேதான் இருந்தேன்.

அன்றைக்கே எட்டாம் எண் படிவத்தைப் போனில் திறந்தேன். முகவரிக்குச் சான்று கேட்ட இடத்தில் மாட்டிக்கொண்டேன். கரண்ட் பில் வீட்டுக்காரம்மா பெயரில் வந்தது. கேஸ் நான் கடையில் வாங்கும் சின்ன சிலிண்டர். ஆதாரில் அடுகோடி. பேங்க் பாஸ்புக்கிலும் அடுகோடி. வாடகை ஒப்பந்தம் பத்திரத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான், பதிவு செய்யப்பட்டதல்ல. தகுந்த சான்று இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் வாக்குச்சாவடி அலுவலர் நேரில் வந்து விசாரிப்பார் என்று கீழே ஒரு குறிப்பு இருந்தது. நேரில் வரட்டும், நான் இங்கேதானே இருக்கிறேன் என்று நினைத்து, ஒப்பந்தத்தையே படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினேன்.

வீட்டுக்காரம்மாவிடமும் சொல்லிவைத்தேன்.

"வோட்டர் லிஸ்ட்டா?" என்றார். "மேல் வீட்டு அட்ரஸ்லயா?" கொஞ்சம் யோசித்தார். "ஆயித்து, சரி, போடு."

சில வாரம் கழித்துப் பார்த்தபோது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. சொல்லப்பட்ட முகவரியில் விண்ணப்பதாரர் வசிக்கவில்லை.

அந்த முகவரியில் உட்கார்ந்துதான் அதைப் படித்தேன். இரண்டு முறை படித்தேன். பிறகு கீழே இறங்கிப் போனேன். வீட்டுக்காரம்மா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். யாராவது என்னை விசாரித்து வந்தார்களா என்று கேட்டேன்.

"ஒரு மேடம் வந்தாங்க. பெரிய ஃபைல் வெச்சிருந்தாங்க. மேல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. யாரும் இல்லேன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

அவர் கொத்தமல்லியைக் கீழே வைத்தார். "மேல் வீடு வரியில காட்டல மா. டேக்ஸ் ஆபீஸ்னு பயந்துட்டேன். இன்னொரு தடவையும் வந்தாங்க. மொதல்ல இல்லேன்னு சொல்லிட்டு அப்புறம் இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அவரைப் பார்த்தால் கோபத்தைக் காட்டவும் முடியவில்லை. கணவர் போனபிறகு அந்த மாடி வாடகையில்தான் அவர் மாத்திரை வாங்குகிறார் என்பது எனக்குத் தெரியும். பரவாயில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். பரவாயில்லை என்று தோன்றவில்லை. ஒரு வீட்டில் இருந்துகொண்டே இல்லாமல் இருப்பது எனக்குப் புதிதல்ல. பணம் கொடுத்து எடுத்த வீட்டிலும் அப்படியா என்றுதான் இருந்தது.

மறுபடி விண்ணப்பிக்க நேரம் இல்லை. தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வேட்புமனு முடிவதற்குச் சில நாட்கள் முன்பே பட்டியல் வேலையும் நின்றுவிடும் என்றாள் தோழி. "பழைய எடத்துல பேர் இருக்குல்ல, போய்ப் போட்டுட்டு வா. பேர் இருக்கிற வரைக்கும் போடலாம்."

போகாமல் இருந்திருக்கலாம். லீவு நாள், தூங்கியிருக்கலாம். பதினெட்டு வயதிலிருந்து ஒரு தேர்தலும் தவறவிட்டதில்லை என்ற வீம்பு ஒன்று இருந்தது. கிளம்பினேன்.

லால்பாக் வரை மெட்ரோ, அங்கிருந்து ஆட்டோ. பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தூரத்திலேயே கட்சிக்காரர்கள் மேசை போட்டு உட்கார்ந்து, பட்டியலைப் புரட்டிச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், பிறகு என்ன நினைத்தாரோ உட்கார்ந்துவிட்டார். நான் சீட்டு வாங்கவில்லை. பாகம் எண், வரிசை எண் இரண்டையும் வீட்டிலேயே எழுதி எடுத்துவந்திருந்தேன்.

பெண்கள் வரிசையின் கடைசியில் என் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

நான் போய் அவருக்குப் பின்னால் நின்றேன். வேறு இடம் இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார்.

"வந்துட்டியா," என்றார், நேற்றுத்தான் பார்த்தவரைப் போல. "அட்டை எடுத்தாந்தியா?"

"எடுத்தாந்தேன் அத்தே. நீங்க ஏன் வரிசையில நிக்கறீங்க? வயசானவங்க நேரா உள்ள போலாமே."

"நேரா போயிட்டுச் சீக்கிரம் வந்து என்ன பண்றது? வீட்ல யார் இருக்கா?"

முழங்கால் வலியைப் பற்றி, எதிர் வீட்டில் மாடி கட்டுவதைப் பற்றி, பால்காரர் மாறியதைப் பற்றி அவர் பேசிக்கொண்டே வந்தார். அந்த வீட்டில் பேசுகிற ஆள் எப்போதும் அவர் ஒருவர்தான். வரிசை நகரும்போதெல்லாம் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி வைப்பார், பிறகு விட்டுவிடுவார். கதவுக்குப் பக்கத்தில் வந்தபோது குரலைத் தாழ்த்தினார்.

"அவன் உள்ளதான் இருக்கான். ஏஜெண்டா உக்காந்திருக்கான். விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிப் போயிட்டான்."

நான் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் அவர் செய்கிற வேலைதான். ஆனால் எனக்குத் தோன்றவே இல்லை. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டிருந்தது. மாமியாரின் கையும் என் முழங்கையில் இருந்தது.

அது ஒரு வகுப்பறை. சுவரில் கன்னட எழுத்துகளின் படம். சுவரோரமாக ஒரு பெஞ்சில் கட்சிகளின் ஏஜெண்டுகள் வரிசையாக, மடியில் பட்டியல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். தலை முன்பைவிட நரைத்திருந்தது. நான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நீலச் சட்டை. இப்போது யார் போடுகிறார்கள் என்று தெரியவில்லை, மடிப்பு சரியாகத்தான் இருந்தது.

மாமியார் முதலில் போனார். பிறகு நான். முதல் மேசையில் இருந்த அலுவலர் அட்டையை வாங்கி வரிசை எண்ணையும் என் பெயரையும் உரக்கப் படித்தார். ஏஜெண்டுகள் அவரவர் பட்டியலில் கோடு போடக் குனிந்தார்கள். என் பெயரைக் கேட்டதும் அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

அப்போது பெஞ்சின் ஓரத்தில் இருந்த வேறொரு கட்சி ஏஜெண்ட் கையைத் தூக்கினார். அதே தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர். கன்னடத்தில் சொன்னார்: "சார், இவங்க இங்க இல்ல. வீட்டை விட்டுப் போயிட்டாங்க. தெருவுக்கே தெரியும்."

தெருவுக்கே தெரியும் என்பது உண்மைதான். ஆனாலும் அந்த அறையில் அதைச் சத்தமாகக் கேட்டபோது காது சூடானது. மை வைக்கும் மேசையில் இருந்த மாமியார் விரலை நீட்டியபடியே திரும்பிப் பார்த்தார். மருந்துக்கடைக்காரருக்கு என்மேல் விரோதம் எதுவும் இல்லை. என் ஓட்டு என் கணவரின் கட்சிக்குப் போகும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

தலைமை அலுவலர் எழுந்து வந்தார். ஏதோ கல்லூரி ஆசிரியர் மாதிரி இருந்தார். பட்டியலில் இருந்த என் படத்தையும் அட்டையையும் என்னையும் பார்த்தார்.

"பேர் லிஸ்ட்ல இருக்கு. எங்க குடியிருக்காங்கங்கறதை இங்க உக்காந்து விசாரிக்க முடியாது. அந்த ஆளே இவங்க இல்லேன்னு யாராவது சொல்றீங்களா?" பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

மருந்துக்கடைக்காரர் தூக்கிய கையை இறக்கினார்.

"அவரே சார்," என்றார் என் கணவர். "நன்ன ஹெண்ட்தி."

அவர்தான் சார், என் மனைவி. அவ்வளவையும் கன்னடத்தில், பட்டியலைப் பார்த்தபடியே சொல்லிவிட்டுக் கோடு போட்டார்.

"அப்புறம் என்ன? மை வைங்க," என்றார் தலைமை அலுவலர்.

இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்தினேன். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் சின்னம் போட்ட சீட்டு கொஞ்ச நேரம் தெரிந்து கீழே விழுந்தது. பீப் என்று சத்தம் வந்தது. என் கணவர் எந்தக் கட்சிக்காக அங்கே உட்கார்ந்திருந்தாரோ அதற்கு நான் ஒரு தடவையும் போட்டதில்லை. அது அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. தெரிந்துதான் அன்றைக்கு அப்படிச் சொன்னார்.

வெளியே மாமியார் காத்திருந்தார். அவரை வீடு வரை கொண்டுபோய் விட்டேன். உள்ளே கூப்பிட்டார், போனேன். என் பொருட்கள் இருந்த அலமாரியில் பட்டறை பில்களும் கட்சித் துண்டுகளும் இருந்தன. சாப்பிடச் சொன்னார். பசி இல்லை என்றேன். காப்பி போட்டுத் தந்தார்.

"உன் ஓட்டு இங்கயே இருக்கட்டுமே," என்றார் திடீரென்று. "அந்தச் சாக்குல தேர்தலுக்குத் தேர்தலாவது வருவேல்ல."

அவர் மாற்றல் விண்ணப்பத்தைப் பற்றி எதுவும் அறிந்திருக்க வழியில்லை. மருந்துக்கடைக்காரர் சொன்னதைக் கேட்டுத் தோன்றியிருக்கும்.

"ஓட்டு நான் இருக்கிற எடத்துல இருக்கணும் அத்தே," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்றார். தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது. இரண்டே தம்ளர்கள்தான் இருந்தன.

திரும்பி வரும்போது மெட்ரோவில் உட்கார இடம் கிடைத்தது. நன்ன ஹெண்ட்தி என்ற வார்த்தைகளை நினைத்துப் பார்த்தேன். பதினான்கு வருடத்தில் அவர் நாலு பேர் முன்னால் அப்படிச் சொல்லிக் கேட்ட ஞாபகம் இல்லை. இப்போது சொன்னதும் எனக்காகவா, சட்டத்துக்காகவா என்று தெரியவில்லை. மகிழ்ச்சி இல்லை, வருத்தமும் இல்லை. விரலில் மை மட்டும் காய்ந்து கறுத்திருந்தது.

அடுத்த முறை ஒழுங்காகச் செய்வது என்று தீர்மானித்தேன். முதலில் பேங்குக்குப் போனேன். தொழிற்சாலையில் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்து, சம்பளக் கணக்கின் முகவரியை மாற்றி, புதுப் பாஸ்புக் வாங்கினேன். அதைச் சேர்த்து மறுபடி எட்டாம் எண் போட்டேன். அதோடு விடவில்லை. எங்கள் பகுதி வாக்குச்சாவடி அலுவலர் யார் என்று இணையதளத்திலேயே தேடினேன். தொழிற்சாலைக்குப் பின்பக்கத்து அங்கன்வாடி டீச்சர்தான். ஒரு சனிக்கிழமை பெர்மிஷன் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பாத்திரங்களை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார். நான் யார் என்று சொன்னதும் கன்னடத்தில் படபடவென்று பேசினார்.

"மேல யாரும் இல்லேன்னு வீட்டுக்காரங்களே சொன்னா நான் என்ன எழுதறது மேடம்? ரெண்டு தடவை படியேறி வந்தேன். எனக்கு இது கூடுதல் வேலை. இங்க முப்பது குழந்தைங்க."

"உங்க மேல தப்பு சொல்ல வரல. ஞாயித்துக்கிழமை வர முடியுமா? நான் இருப்பேன்."

"ஞாயித்துக்கிழமையா?" என்று பெருமூச்சு விட்டார். ஆனால் வந்தார்.

வீட்டுக்காரம்மா அன்று காலையிலிருந்தே வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தார். டீச்சர் வந்ததும் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு, கேட்பதற்கு முன்பே, "இவங்க மேலதான் இருக்காங்க. மொதல்ல இருந்தே இருக்காங்க. நான்தான் பொய் சொன்னேன். டேக்ஸுக்குப் பயந்து," என்று கன்னடத்தில் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

டீச்சர் சிரித்துவிட்டார். "வரிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. எனக்கு ஆள்தான் கணக்கு. மாடி கணக்கில்ல."

வீட்டுக்காரம்மா இன்னொரு தம்ளர் மோர் ஊற்றினார்.

பாஸ்புக்கைப் பார்த்து, என் அறையை எட்டிப் பார்த்து, போனில் எதையோ பதிந்துவிட்டுக் கிளம்பும்போது டீச்சர் கேட்டார்: "கணவர் பேர் அப்படியே வருது. அதே இருக்கட்டுமா?"

"மாத்தலாமா?"

"அப்பா பேரோ அம்மா பேரோ போட்டுக்கலாம். ஆனா மொதல்ல இது முடியட்டும். திருத்தத்துக்குத் தனியா இன்னொரு எட்டாம் நம்பர்."

இந்த முறை விண்ணப்பம் ஏற்கப்பட்டது. சில வாரத்தில் புது அட்டை தபாலில் வந்தது. எண் பழையதுதான், முகவரி பீன்யா. பெயருக்குக் கீழே அவர் பெயர். அதைக் கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைத்தேன். அவர்மேல் எனக்குப் பகை இல்லை. வகுப்பறையில் அவர் சொன்னதற்குப் பிறகு அந்தப் பெயரை அடிப்பது நன்றியில்லாத காரியமோ என்றும் பட்டது. பிறகு யோசித்தேன். ஓட்டை மாற்றியது கோபத்தில் அல்ல, நான் இருக்கிற இடம் இது என்பதால். பெயரும் அப்படித்தான். அப்பா பெயர் இனிஷியலாக ஏற்கெனவே என் பெயருக்கு முன்னால் நின்றது. அம்மா பெயர் என்னுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையைத் தவிர வேறெங்கும் இல்லை. இருவரும் இப்போது இல்லை. மதிப்பெண் அட்டையைச் சான்றாக வைத்து அம்மா பெயரைப் போட்டேன். அதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் புதுப் பட்டியல் வெளியானது. ஒரு மாலை போன் அடித்தது. என் கணவர். வீட்டை விட்டு வந்தபிறகு அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மாமியாருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"உன் பேர் லிஸ்ட்ல இல்ல," என்றார் எடுத்தவுடன். "பாத்துக்கிட்டே வந்தேன், அம்மாவுக்கு அப்புறம் நேரா அடுத்த வீடு வருது. அந்த மருந்துக்கடைக்காரன்தான் எழுதிக் கொடுத்து அடிச்சிருப்பான். நாளைக்குக் காலைல வார்டு ஆபீஸுக்குப் போறேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே, திரும்ப ஏத்தாம விடமாட்டேன்."

இத்தனை வாக்கியங்களை அவர் ஒரே மூச்சில் என்னிடம் பேசியதில்லை. குரலில் உண்மையான கோபம் இருந்தது. நான் உடனே சொல்லியிருக்க வேண்டும். அவர் முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"யாரும் அடிக்கல," என்றேன். "நான்தான் மாத்திக்கிட்டேன். இங்க வந்துருச்சு."

பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள்.

"ஓ," என்றார். பிறகு, "பீன்யாலயா?"

"ஆமா."

"எந்த பூத்?"

சொன்னேன்.

"கவர்மெண்ட் ஸ்கூலா இருக்கும். ஒரே ஸ்கூல்ல நாலஞ்சு பூத் போடுவாங்க. ரூம் நம்பர் பாத்துட்டு வரிசையில நில்லு. இல்லேன்னா ஒரு மணி நேரம் நின்னுட்டு வேற ரூம்னு அனுப்பிடுவாங்க."

"சரி."

"காலைலயே போயிடு. வெயில் ஜாஸ்தி."

"சரி. அத்தை எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. முட்டி வலிதான். வெச்சிடட்டுமா?"

"ம்," என்றேன்.

போனை வைத்தபிறகு மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனேன். எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. எங்கள் கல்யாணம் முடிந்த நாள் எது என்று யாராவது கேட்டால் ஆட்டோ ஏறிய நாளைச் சொல்லமாட்டேன். இந்தப் போன் வந்த நாளைச் சொல்வேன். சண்டையில்லாமல், நல்லவிதமாகவே முடிந்தது.

அந்தக் கோடையில் பெங்களூரில் தண்ணீர் இல்லை. போர்வெல் வற்றி, எங்கள் தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர். ஓட்டுப் போடும் நாளன்று காலை வீட்டுக்காரம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கீழே நின்றார். "வா, ஒட்டிக்கே ஹோகோணா," என்றார், சேர்ந்தே போகலாம் என்று. பள்ளிக்கூடத்தில் உண்மையாகவே நாலு அறைகளில் பூத் இருந்தது. அறை எண் பார்த்துவிட்டுத்தான் வரிசையில் நின்றோம். இரண்டு பேருக்கும் ஒரே அறை. முக்கால் மணி நேரம் ஆனது. என் பெயரைப் படித்தபோது பெஞ்சில் இருந்த யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு நான் யாரோ. கோடு போட்டார்கள், மை வைத்தார்கள், போட்டுவிட்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரில் இருந்த ஹோட்டலில் மை வைத்த விரலைக் காட்டினால் காப்பி இலவசம் என்று அட்டை தொங்கியது. இருவரும் விரலைக் காட்டினோம். நின்றுகொண்டே குடித்தோம். வீட்டுக்காரம்மா என் விரலைப் பார்த்தார், பிறகு என்னை.

"ஒண்ணு கேக்கட்டா? தப்பா நெனைக்காதே. உன் யஜமானரு எங்க இருக்காரு?"

என் கணவரைப் பற்றி இவ்வளவு நாள் அவர் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"அடுகோடியில," என்றேன். "லேத் பட்டறை வெச்சிருக்கார். நல்லவர்தான். எங்களுக்குள்ள பேச்சு இல்லாம போச்சு. அதனால வந்துட்டேன்."

அவர் வியப்புக் காட்டவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை. சீரியல் வசனம் ஏதாவது வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் பேசமாட்டாரு," என்றார். "நான் டி.வி.கூடப் பேசக் கத்துக்கிட்டேன். உனக்கு வேலை இருந்தது, வந்துட்டே."

தம்ளர்களை வைத்துவிட்டுத் தெருவுக்குள் திரும்பினோம். எங்கள் வீட்டுக்கு முன்னால் தண்ணீர் லாரி வந்து நின்றிருந்தது. எப்போது வந்ததோ, குழாயை இழுத்துக்கொண்டு ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினார். நான் மேலே போய்க் குடங்களை எடுத்துவந்தேன்.